பீட்டா தடுப்பு மாத்திரையும் மயக்க மருந்தும்: நோயாளரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவுடன் வீட்டில் பல கேள்விகள் எழுகின்றன. எத்தனை நாள் தங்க வேண்டும், யார் துணைக்கு இருப்பது, எவ்வளவு செலவாகும் என்பவை முதலில் வருகின்றன. நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளை அன்று காலையில் உட்கொள்ளலாமா என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. சில வேளைகளில் அது வருவதே இல்லை. 'வெறும் வயிற்றோடு வர வேண்டும்' என்று சொல்லப்பட்டதை எல்லா மாத்திரைகளையும் விட்டுவிட வேண்டும் என்று பொருள்கொண்டு, இதயத்துக்கான மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருவோர் உண்டு. அவ்வாறு நிறுத்துவதால் எல்லா மாத்திரைகளிலும் ஒரே அளவு தீங்கு விளைவதில்லை. ஆயினும் ஒரு வகை மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்தாக முடியலாம். அதுவே பீட்டா தடுப்பு மாத்திரை. மருத்துவர்கள் அதனைப் 'பீட்டா பிளாக்கர்' என்பர். அம்மாத்திரை எவ்வாறு செயற்படுகிறது, அறுவை அரங்கில் அதற்கு என்ன இடம், நீங்கள் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இவ்விதழில் விளக்குகிறோம்.

உங்கள் மாத்திரை இவ்வகையைச் சேர்ந்ததா?

இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. மாத்திரை அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மருந்தின் வேதிப்பெயரைப் பாருங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், ப்ரோப்ரனோலால், நெபிவோலால், கார்வெடிலால், லேபெட்டலால் என்று 'லால்' என முடியும் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது.

இங்கே மூன்று செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, கூட்டு மாத்திரைகள். இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருப்பது நம் நாட்டில் வழக்கம். அம்லோடிபினுடன் அட்டெனோலாலும், டெல்மிசார்ட்டனுடன் மெட்டோப்ரோலாலும் அவ்வாறு சேர்த்து விற்கப்படுகின்றன. 'பிரஷர் மாத்திரை ஒன்றுதான் போடுகிறேன்' என்று கூறுபவரின் மாத்திரைக்குள் பீட்டா தடுப்பு மருந்தும் இருக்கலாம். வணிகப் பெயரைக் கொண்டு இதனை அறிய இயலாது.

இரண்டாவது, இதய நோய் இல்லாதவர்களும் இம்மருந்தை உட்கொள்கின்றனர். ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம், தைராய்டு மிகைச் சுரப்பு, கல்லீரல் நோயால் உணவுக்குழாய் இரத்த நாளங்கள் வீங்கியிருத்தல் ஆகியவற்றுக்கும் இது வழங்கப்படுகிறது. 'எனக்கு இதயத்தில் ஒன்றுமில்லை' என்று கூறும்பொழுது, தலைவலிக்காக உண்ணும் மாத்திரையைக் குறிப்பிட மறந்துவிடுவது இயல்பே.

மூன்றாவது, கண் சொட்டு மருந்து. கண்நீர் அழுத்த நோய்க்கு இடப்படும் டிமோலால் சொட்டு மருந்தும் இவ்வகையைச் சேர்ந்ததே. கண்ணில் இட்டது கண்ணோடு நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பையும் மூச்சுக்குழாயையும் பாதிக்கலாம். ஆகவே சொட்டு மருந்துகளையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துக் கூறுங்கள்.

மருந்து பிறந்த வரலாறு

அச்சம், வலி, கடும் உழைப்பு ஆகியவற்றின்போது உடலில் அட்ரினலின், நார்அட்ரினலின் என்னும் பொருள்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அவை உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தித் தம் வேலையைச் செய்கின்றன. இந்த ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். இதயத்தின் துடிப்பையும் விசையையும் கூட்டுபவை பீட்டா ஏற்பிகள்.

இதனை அடிப்படையாகக் கொண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் புதிய வழியொன்றைச் சிந்தித்தார். நெஞ்சுவலி நோயாளிகளின் இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கவே அக்காலத்தவர் முயன்றனர். இதயத்தின் ஆக்சிஜன் தேவையையே குறைத்தால் என்ன என்பது அவருடைய கேள்வி. பீட்டா ஏற்பிகளில் அட்ரினலின் பொருந்தாதவாறு தடுக்கும் மருந்தைத் தேடினார். 1960களில் ப்ரோப்ரனோலால் பயன்பாட்டுக்கு வந்தது. 1988ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர்.

அறுவையின்போது இதயத்துக்கு நேர்வது

மயக்கத்தில் இருக்கும்போது வலி தெரிவதில்லை. ஆயினும் உடல் முற்றிலும் அமைதியாக இருப்பதில்லை. மூச்சுக்குழாயில் செயற்கைக் குழாயைச் செலுத்தும் தருணம், முதற்கீறல் இடும் தருணம், மயக்கம் தெளிந்து எழும் தருணம் ஆகிய மூன்றிலும் அட்ரினலின் மிகுந்து நாடியும் இரத்த அழுத்தமும் ஏறக்கூடும். அறுவைக்குப் பின்வரும் நாள்களில் வலி, இரத்த இழப்பு, காய்ச்சல் ஆகியவையும் இதே விளைவைத் தருகின்றன.

நாடி வேகமாவதால் இதயத்துக்கு இரட்டைத் துன்பம் நேர்கிறது. இதயத் தசைக்கு, சிறப்பாக அதன் இடப்பக்க அறைக்கு, இரத்தம் பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்திலேயே பாய்கிறது. துடிப்பு விரைவுபட்டால் அந்த ஓய்வு நேரம் சுருங்குகிறது. உழைப்பு கூடுகிறது, உழைப்பவனுக்கு உணவு குறைகிறது. இதய இரத்தக் குழாய்களில் அடைப்பு உள்ளவருக்கு இந்நிலை நீடித்தால் நெஞ்சுவலியோ மாரடைப்போ நேரலாம். பீட்டா தடுப்பு மருந்து நாடியை நிதானப்படுத்தி இதயத்துக்கு அந்த ஓய்வு நேரத்தைத் திருப்பித் தருகிறது.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

1970களின் தொடக்கத்தில், அறுவைக்கு முன்னர் இம்மருந்தை நிறுத்திவிடுவதே நல்லது என்று மருத்துவர்கள் பலர் கருதினர். மயக்க மருந்தும் இதயத்தைத் தளர்த்தும், இம்மருந்தும் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் இதயம் தாங்குமா என்பது அவர்களுடைய ஐயம். ஆனால் மருந்தைத் திடீரென நிறுத்திய இதய நோயாளிகளுக்குக் கடும் நெஞ்சுவலியும் மாரடைப்பும் நேர்வது அதே பத்தாண்டில் தெரியவந்தது. நிறுத்துவதே பெருந்தீங்கு என்று கருத்து மாறிற்று.

இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு மண்டபத்தின் வாயில்களில் பாதியை அடைத்துவிட்டோம் எனக் கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்கள் நாளடைவில் புதிய வாயில்களைத் திறந்துகொள்கிறார்கள். பின்னர் ஒருநாள் பழைய அடைப்புகளை எல்லாம் ஒருங்கே நீக்கினால், பழைய வாயில்கள் வழியாகவும் புதிய வாயில்கள் வழியாகவும் கூட்டம் பெருகிப் பாயும். பீட்டா தடுப்பு மருந்தை நெடுநாள் உட்கொள்பவரின் உடல் அவ்வாறே ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. மருந்து திடீரென நின்றால், வழக்கமான அளவு அட்ரினலினுக்கே இதயம் மிகையாகத் துடிக்கிறது. அறுவை நாளிலோ அட்ரினலின் வழக்கத்தைவிட மிகுந்திருக்கும். இவ்விரண்டும் ஒரே நாளில் சேரலாகாது.

இம்மருந்தை நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தாலும், ஒன்றிரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவது மருத்துவ நெறி. அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில்தான்.

அவ்வளவு நல்லதெனில் எல்லோருக்கும் கொடுக்கலாமே?

இக்கேள்வி நியாயமானது. மருத்துவ உலகமும் இதனையே கேட்டது. 1990களில் வெளிவந்த சில சிறிய ஆய்வுகள், அறுவையையொட்டி இம்மருந்தைப் பெற்ற இதய நோய் வாய்ப்புள்ளவர்கள் நலமாக இருந்ததாகக் கூறின. அதனால் பல நாடுகளில் இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் வழக்கம் பரவியது.

2008ஆம் ஆண்டு 'பாய்ஸ்' என்னும் பேராய்வின் முடிவுகள் வெளிவந்தன. 23 நாடுகளின் 190 மருத்துவமனைகளில் 8351 நோயாளர்கள் அதில் பங்கேற்றனர். அதுவரை இம்மருந்தை உட்கொள்ளாதவர்களுக்கு, இதயம் அல்லாத வேறு அறுவைக்குச் சில மணி நேரத்துக்கு முன்னர், நீண்ட நேரம் செயற்படும் மெட்டோப்ரோலால் 100 மி.கி. அளவில் தொடங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லா மாத்திரை கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றோருள் மாரடைப்பு 4.2 விழுக்காட்டினருக்கும், பெறாதோருள் 5.7 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. இதுவரை நற்செய்தி. ஆனால் மருந்து பெற்றோருள் 3.1 விழுக்காட்டினர் இறந்தனர்; பெறாதோருள் 2.3 விழுக்காட்டினர். பக்கவாதம் ஒரு பிரிவில் 1 விழுக்காடு, மற்றதில் 0.5 விழுக்காடு. வேறு வகையாகக் கூறினால், இவ்வாறு 1000 பேருக்கு மருந்து தொடங்கினால் 15 பேருக்கு மாரடைப்பு தவிர்க்கப்படும். ஆனால் கூடுதலாக 8 பேர் இறப்பர், 5 பேருக்குப் பக்கவாதம் வரும்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? அறுவையின்போதும் அதன் பின்னரும் இரத்தம் இழக்கப்படலாம். உடலில் கிருமித் தொற்று பரவலாம். அவ்வேளைகளில் நாடியை விரைவுபடுத்தித்தான் உடல் மூளைக்கு இரத்தத்தை அனுப்புகிறது. பழகாத உடலில் பெரிய அளவில் புகுந்த மருந்து அந்தத் தற்காப்பைத் தடுத்துவிடுகிறது. இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்து மூளைக்குரிய இரத்தம் குறைகிறது.

இவற்றிலிருந்து இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள நெறிகள் இரண்டு. நெடுநாளாக இம்மருந்தை உட்கொள்பவர் அதனைத் தொடர வேண்டும். உட்கொள்ளாதவருக்கு அறுவை நாளன்று புதிதாகத் தொடங்கலாகாது. புதிதாகத் தேவைப்படுவோருக்கும் அறுவைக்குப் போதிய நாள்களுக்கு முன்பே, ஏழு நாள்களுக்கு மேல் இருக்குமாறு, தொடங்கி, நாடியையும் அழுத்தத்தையும் கண்காணித்து, அளவைச் சீர்செய்வதே நல்லது என்று 2024ஆம் ஆண்டின் அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. ஆகவே, 'அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். எங்கள் தந்தைக்கு ஏன் கொடுக்கவில்லை?' என்று நீங்கள் வினவினால் எங்கள் விடை இதுவே: அவர் அதற்குப் பழகியவர், உங்கள் தந்தை பழகாதவர். ஒருவருக்குக் காப்பாக இருக்கும் அதே மாத்திரை மற்றவருக்கு இடராகலாம். இதே காரணத்தால், வீட்டிலுள்ள வேறொருவரின் 'படபடப்பு மாத்திரையை' அச்சம் தீர்வதற்காக அறுவைக்கு முந்தைய இரவில் கொடுப்பதை அறவே தவிருங்கள்.

மயக்க மருத்துவர் இதனை அறிந்திருப்பது ஏன் இன்றியமையாதது?

இம்மருந்து உடலின் சில எச்சரிக்கை அடையாளங்களை மறைத்துவிடுகிறது. உள்ளே இரத்தம் கசிந்தால் நாடி விரைவது வழக்கம்; இம்மருந்தை உட்கொள்பவருக்கு நாடி விரையாமலே இருக்கலாம். எனவே நாடியை மட்டும் நம்பாது இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றையும் நாங்கள் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் படபடப்பும் நடுக்கமும் தோன்றும். இம்மருந்து அவற்றை மறைக்கும். வியர்வையை மட்டும் பெரும்பாலும் மறைப்பதில்லை. பட்டினியாக இருக்கும் நேரத்தில் காரணமின்றி வியர்த்தால் உடனே செவிலியரிடம் கூறிச் சர்க்கரையைப் பார்க்கச் செய்யுங்கள்.

ஆஸ்துமா உள்ளவருக்கு இவ்வகை மருந்துகளுள் சில மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். கடும் ஒவ்வாமை ஏற்படும்போது உயிர்காக்கும் அட்ரினலின் ஊசி, இம்மருந்தை உட்கொள்பவரிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாதிருக்கலாம். அந்நிலையில் குளுக்ககான் போன்ற மாற்று மருந்து தேவைப்படும். முதுகுத் தண்டில் ஊசியிட்டு மரத்துப்போகச் செய்யும் முறையில் நாடியும் அழுத்தமும் குறைவது இயல்பு. இம்மருந்து உடலில் இருந்தால் அவை மேலும் குறையலாம். இவை அனைத்துக்கும் மருந்தும் வழியும் உண்டு. முன்கூட்டியே அறிந்திருந்தால் ஆயத்தமாக இருப்போம் என்பதே செய்தி.

'மாத்திரையை உண்டுவிட்டு வந்தால் மயக்கத்தில் நாடி நின்றுவிடாதா?' என்று அஞ்சுவோர் உண்டு. நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை அறுவை முழுவதும் கண்காணித்துக்கொண்டே இருக்கிறோம். நாடி மிகக் குறைந்தால் அட்ரோபின் ஊசியால் உயர்த்த முடியும். நாடி மிக விரைந்தால், எஸ்மோலால் என்னும் பீட்டா தடுப்பு மருந்தை நரம்பு வழியே செலுத்துவதும் உண்டு. அதன் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ 9 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஆகவே வேண்டும்போது கொடுத்து, வேண்டாதபோது நிறுத்திக்கொள்ள இயலும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மயக்க மருத்துவரின் முன் பரிசோதனைக்கு வரும்போது எல்லா மாத்திரைகளையும் அவற்றின் அட்டைகளோடு கொண்டுவாருங்கள். அட்டையிலிருந்து வெட்டிச் சிறு டப்பாவில் போட்டுவைத்தால் பெயர் தெரியாது. சொட்டு மருந்தையும் மூச்சிழுப்பு மருந்தையும் மறவாதீர்கள்.

2. அறுவை நாள் காலையில் எவற்றை உட்கொள்ள வேண்டும், எவற்றை விட வேண்டும் என்று கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, வேறு சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை முன்னரே நிறுத்தச் சொல்லலாம். ஒன்றுக்குச் சொன்ன விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

3. பீட்டா தடுப்பு மாத்திரையை உட்கொள்ளுமாறு கூறப்பட்டிருந்தால், வழக்கமான நேரத்தில் ஒரு மிடறு நீருடன் விழுங்குங்கள். திட உணவைக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்னரும், தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்னரும் நிறுத்துவது பொதுவான நெறி. மாத்திரைக்காக மருத்துவர் அனுமதிக்கும் ஒரு மிடறு நீர் அந்தப் பட்டினியைக் குலைக்காது. பால், தேநீர், காபி ஆகியவற்றோடு உட்கொள்ளலாகாது.

4. நீண்ட நேரம் செயற்படும் மாத்திரைகளைப் பொடித்தோ மென்றோ உட்கொள்ளாதீர்கள். பல மணி நேரத்தில் மெல்ல வெளிப்பட வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும்.

5. காலையில் மறந்துவிட்டாலோ, உட்கொண்டபின் வாந்தி எடுத்தாலோ அதனை மறைக்காமல் கூறுங்கள். ஒருவேளை தவறியதற்காக அஞ்ச வேண்டியதில்லை. நீங்களாகவே இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து உட்கொள்வதுதான் தவறு.

6. தலைச்சுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருதல், மூச்சிரைப்பு இருந்தாலோ, வீட்டில் பார்த்தபோது நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழ் இருந்தாலோ மாத்திரையை உட்கொள்ளுமுன் எங்களிடம் கேளுங்கள். சிலருக்கு அன்றைய மாத்திரையைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ நேரலாம். அம்முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும்.

அறுவைக்குப் பின்வரும் நாள்கள்

காலை மாத்திரை குறித்துக் காட்டும் கவனம் அறுவை முடிந்தபின் தளர்ந்துவிடுவது உண்டு. உண்மையில் இதயத்துக்கு இடர் மிகுந்த காலம் அறுவைக்குப் பின்வரும் முதல் சில நாள்களே. வயிற்று அறுவைக்குப் பின் வாய்வழி எதுவும் கொடுக்கப்படாமல் இருக்கலாம், வாந்தி இருக்கலாம், ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாற்றப்படும்போது பழைய மருந்துப் பட்டியல் விடுபட்டுப் போகலாம். நோயாளர் தாமே கேட்கும் நிலையில் இருக்கமாட்டார். இங்கேதான் துணைக்கு இருப்பவரின் பங்கு பெரிது. 'இவர் நாள்தோறும் உட்கொள்ளும் பீட்டா தடுப்பு மாத்திரை மீண்டும் எப்போது தொடங்கும்?' என்று தயங்காமல் கேளுங்கள். வாய்வழி கொடுக்க இயலாதபோது நரம்பு வழியே கொடுக்கத்தக்க மருந்துகள் உள்ளன. இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் சிறிது தாமதிப்பதும் உண்டு. அக்காரணத்தை உங்களுக்கு விளக்குவது எங்கள் கடமை.

நெஞ்சில் அழுத்தம், இடது தோளிலோ தாடையிலோ வலி, மூச்சுத் திணறல், காரணம் தெரியாத படபடப்பு, குழறும் பேச்சு, கை கால் தளர்ச்சி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் செவிலியரை அழையுங்கள். வலிநீக்கி மருந்துகளின் விளைவால் சிலருக்கு மாரடைப்பின் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். ஆகவே 'வலி இல்லையே' என்று ஆறுதல் கொள்ள வேண்டா.

வீடு திரும்பும் நாளில், மருத்துவமனைக்கு வருமுன் இருந்த மருந்துப் பட்டியலையும் புதிதாகக் கொடுக்கப்பட்ட பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பட்டியலில் இருந்த 'லால்' மாத்திரை புதியதில் இல்லையெனில், அது வேண்டுமென்றே நிறுத்தப்பட்டதா, விடுபட்டதா என்று கேட்டுத் தெளிந்த பின்னரே புறப்படுங்கள். வணிகப் பெயர் மாறியிருந்தால், பழைய அட்டையையும் புதிய அட்டையையும் ஒன்றாக வைத்து ஒரே மருந்தை இருமுறை உட்கொள்ளாதிருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளரின் உடலை நாங்கள் சில மணி நேரம் மட்டுமே அறிவோம். அவர் எந்த மாத்திரையை எத்தனை ஆண்டுகளாக எந்த நேரத்தில் உட்கொள்கிறார் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவை ஒரு தாளில் எழுதி எங்கள் கையில் கொடுத்தால், அறுவை அரங்கில் அதனைவிடப் பெரிய உதவி எங்களுக்கு வேண்டியதில்லை.